ஒரே வாசல், நாலு குடித்தனம்

வட சென்னையின் பழைய தெருக்களில் முகவரி சொல்வதே ஒரு கலை. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ வீட்டு எண் கேட்டால் ஒரு எண்ணோடு நிற்காது. "பழைய நம்பர் 17, புது நம்பர் 34" என்று இரண்டாக வரும். அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. "உள்ளே வந்து, அடிபம்பைத் தாண்டி, இடது கைப்பக்கம் மூணாவது வீடு" என்று வழி நீண்டுகொண்டே போகும். தெருவுக்குத் தெரிவது ஒரே வாசல். உள்ளே நாலு குடும்பம், சில இடங்களில் ஆறு குடும்பம். தபால்காரருக்கு அந்த வாசல் மட்டும்தான் கணக்கு. எந்தக் கடிதம் எந்தக் குடித்தனத்துக்கு என்று பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரம்மாவின் வேலை.

இந்த ஒண்டுக்குடித்தனத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கணினி படிக்கும் பலரும் தடுமாறுகிற ஒரு விஷயம் சுலபமாகப் பிடிபட்டுவிடும். மெய்நிகர் கணினிக்கு நெட்வொர்க் அட்டையை எப்படி அமைப்பது என்பதுதான் அது. அமைப்புப் பெட்டியைத் திறந்தால் நாட், பிரிட்ஜ், ஹோஸ்ட் ஒன்லி, இன்டர்னல் என்று வரிசையாகப் பெயர்கள் நிற்கும். பெரும்பாலோர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எதில் இணையம் வருகிறதோ அதிலேயே விட்டுவிடுவார்கள். இணையம் வந்தால் போதுமா? அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

ஒரு கணினிக்குள் பல கணினி

முதலில் மெய்நிகர் கணினி என்றால் என்ன? ஒரு நிஜக் கணினியின் நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பங்கை ஒதுக்கி, அதற்குள் இன்னொரு முழு இயங்குதளத்தை ஓட்டுவது. உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குத் தான் வாடகைக்கு இருக்கிறோம் என்றே தெரியாது. தனக்கென்று ஒரு வன்தட்டு, ஒரு திரை, ஒரு நெட்வொர்க் அட்டை இருப்பதாக நம்பிக்கொண்டு வேலை செய்யும். வெளியே இருக்கும் நிஜக் கணினியை ஹோஸ்ட் என்கிறார்கள். உள்ளே இருப்பது கெஸ்ட். நம்மூர்ப் பேச்சில் வீட்டுக்காரர், குடித்தனக்காரர்.

யோசனை பழையதுதான். ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்கு 1972-லேயே விஎம்/370 என்று வெளியிட்டது. சாதாரண மேசைக் கணினிக்கு அது வந்தது 1999-ல், விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் மூலம். ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். 2007 ஜனவரியில் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸைத் திறமூலமாக வெளியிட்டது. 2008-ல் சன் நிறுவனம் அதை வாங்க, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. கை மாறிக்கொண்டே இருந்தாலும் மாணவர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனும் எல்லோருக்கும் இலவசம்.

இது யாருக்குப் பெரிய வரம்? திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் குடியிருக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு. அப்பா டிரைலர் லாரி ஓட்டுபவர். வீட்டில் இருக்கும் ஒரே கணினி, பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த முதல் மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய லினக்ஸ் அது. இவளுக்கு லினக்ஸ் அறிமுகமானதே அப்படித்தான். இப்போது அவள் படிப்பது கணினி வலையமைப்பு. பாடத்துக்கு ஒரு வலை வழங்கி வேண்டும், ஒரு தரவுத்தளம் வேண்டும், இரண்டையும் சோதிக்க மூன்றாவதாக ஒரு கணினி வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் வாரத்துக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதிலும் ஒரு கணினிக்கு மூன்று பேர். வீட்டிலோ ஒரே மடிக்கணினி. அந்த ஒன்றுக்குள் மூன்றைக் குடிவைத்தால்தான் படிப்பு நகரும்.

குடிவைப்பது பெரிய வேலை இல்லை. குடிவைத்த பிறகு, யாருக்கு எந்தக் கதவு என்பதுதான் கேள்வி.

நாட்: வீட்டுக்காரர் பெயரில் கடிதம்

விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக ஒரு கணினியை உருவாக்கினால் தானாகவே வருவது நாட் முறை. இது அசல் ஒண்டுக்குடித்தனம். குடித்தனக்காரர் ஊருக்குக் கடிதம் எழுதினால், வீட்டுக்காரர் அனுப்புநர் இடத்தில் தன் முகவரியைப் போட்டு அனுப்புகிறார். யார் எழுதியது என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுக்கிறார். வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே குடித்தனம் இருக்கும் விஷயமே தெரியாது.

இதற்கு அவசியம் வந்தது முகவரிப் பஞ்சத்தால். பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். அதனால் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்க 10, 172.16, 192.168 என்று தொடங்கும் மூன்று தொகுதிகளை ஒதுக்கி வைத்தார்கள். 1996-ல் வந்த ஒழுங்கு அது. வீட்டு ரௌட்டர் செய்வதும் இதே வேலைதான்.

விர்ச்சுவல்பாக்ஸின் நாட் முறையில் கெஸ்ட் கணினிக்குப் பொதுவாகக் கிடைக்கும் முகவரி 10.0.2.15. அதன் வாசல் 10.0.2.2. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு கெஸ்ட் கணினிகளை நாட் முறையில் ஓட்டினால் இரண்டுக்குமே 10.0.2.15 என்றே வரும். ஆனாலும் சண்டை வராது. ஏனென்றால் ஒவ்வொன்றும் தனித்தனிப் பின்கட்டு. நடுவில் சுவர். இரண்டும் உலகத்தோடு பேசும், ஒன்றோடொன்று பேசாது. "இணையம் வருகிறது, ஆனால் என் வலை வழங்கியும் தரவுத்தளமும் பேச மாட்டேன் என்கின்றன" என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டவர்கள்தான். இதைத் தீர்க்க 2013-ல் வந்த 4.3 பதிப்பில் நாட் நெட்வொர்க் என்று தனியாக ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொது முற்றம் உண்டு, தெருவுக்கு ஒரே வாசல்.

வெளியிலிருந்து யாராவது குறிப்பிட்ட குடித்தனத்தைத் தேடி வந்தால்? அதற்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங். ஹார்பர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு போர்ட் என்றதும் கப்பல்தான் நினைவுக்கு வரும். இங்கே அது ஒரு கணினிக்குள் இருக்கும் கதவு எண். 65,535 வரை போகும். "2222-ம் கதவைத் தட்டுகிறவரை உள்ளே 22-ம் கதவுக்கு அனுப்பு" என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் ஃபார்வர்டிங். இதில் பலர் கவனிக்காத ஓரிடம் உண்டு. அந்த விதியில் ஹோஸ்ட் ஐபி என்ற கட்டத்தைக் காலியாக விட்டால், ஹோஸ்ட் கணினியின் எல்லா அட்டைகளிலும் அந்தக் கதவு திறக்கும். ஹோஸ்டின் ஃபயர்வால் தடுக்காவிட்டால் அதே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் தட்டலாம். 127.0.0.1 என்று எழுதினால் அந்த மடிக்கணினியிலிருந்து மட்டும்தான் தட்ட முடியும். ஒரு சின்னக் கட்டம்தான். அதில் எழுதுவதும் விடுவதும் இவ்வளவு வித்தியாசம்.

இன்னொரு விஷயம். மாணவர்களில் பாதிப் பேருக்கு இணையம் வருவதே கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலிருந்துதான். அப்போது கெஸ்ட் மடிக்கணினிக்குள் குடித்தனம், மடிக்கணினி கைப்பேசிக்குள் குடித்தனம், அந்தக் கைப்பேசியும் பல நேரம் தொலைபேசி நிறுவனத்தின் நாட்டுக்குள் குடித்தனம். இதற்காகவே 2012-ல் 100.64 என்று தொடங்கும் ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். ஒண்டுக்குடித்தனத்துக்குள் ஒண்டுக்குடித்தனம்! வீட்டில் ஓடும் வலை வழங்கியை வெளியூரில் இருக்கும் தோழியால் ஏன் பார்க்க முடியவில்லை என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

பிரிட்ஜ்: தெருவில் தனி வாசல்

பிரிட்ஜ் முறையில் கெஸ்ட் கணினி ஒண்டுக்குடித்தனத்தை விட்டுத் தெருவுக்கே வந்துவிடும். வீட்டு ரௌட்டரிடம் தானே போய் ஒரு முகவரி கேட்டு வாங்கும். மடிக்கணினிக்கு 192.168.1.5 என்றால் இதற்கு 192.168.1.9 என்று வரலாம். அந்த வலையமைப்பில் இருக்கும் எல்லோரும் அதைப் பார்க்கலாம், அதுவும் எல்லோரையும் பார்க்கும். வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வலை வழங்கியைச் சோதிக்க வேண்டும் என்றால் இதுதான் வசதி.

ஆனால் இரண்டு இடங்களில் இது காலை வாரும். ஒன்று வைஃபை. வைஃபை நிலையம் தன்னிடம் பதிந்துகொண்ட அட்டையிலிருந்து வரும் தரவை மட்டும்தான் ஏற்கும். கெஸ்ட் கணினியின் அட்டை அங்கே பதியவில்லை. அதனால் மென்பொருள் நடுவில் புகுந்து முகவரியை மாற்றி எழுதிச் சமாளிக்கிறது. சில இடங்களில் அது நடக்கும், சில இடங்களில் நடக்காது. இரண்டாவது இடம் கல்லூரி, அலுவலக ஸ்விட்சுகள். ஒரு துளைக்கு ஒரு அட்டைதான் என்று பூட்டி வைத்திருக்கும் இடத்தில் பிரிட்ஜ் போட்டால் இரண்டாவது அட்டை தெரிந்த நொடியே அந்தத் துளை அணைந்துவிடலாம். அப்புறம் ஆய்வகப் பொறுப்பாளரைத் தேடி ஓட வேண்டியதுதான்.

ஹோஸ்ட் ஒன்லி, இன்டர்னல்: தெருவைப் பார்க்காத அறைகள்

ஹோஸ்ட் ஒன்லி என்பது வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரர்களுக்கும் நடுவில் மட்டும் இருக்கும் கதவு. தெருவுக்கு வழியே கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸில் வழக்கமாக 192.168.56.1 என்பது மடிக்கணினி, மற்ற எண்கள் கெஸ்ட்டுகளுக்கு. இன்டர்னல் முறை இன்னும் கண்டிப்பானது. குடித்தனக்காரர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வார்கள், வீட்டுக்காரர்கூட உள்ளே வர முடியாது. அங்கே முகவரி கொடுக்கவும் தானாக யாரும் இருக்க மாட்டார்கள், கையால்தான் எழுத வேண்டும். வலையமைப்பு படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஒரு கெஸ்ட்டுக்கு ஒரே அட்டைதான் என்று கட்டாயம் இல்லை. அமைப்புப் பெட்டியிலேயே நாலு அட்டை வரை போடலாம். அதனால் பலரும் பழகிக்கொண்ட ஏற்பாடு இது: முதல் அட்டை நாட், புதிய மென்பொருள்களை இறக்கிக்கொள்ள. இரண்டாவது அட்டை ஹோஸ்ட் ஒன்லி, மடிக்கணினியிலிருந்து உள்ளே நுழைந்து வேலை செய்ய. வெளியே போகும் வாசலை மட்டும் முதல் அட்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் வாசல் எழுதி வைத்தால் கணினி எந்தப் பக்கம் போவது என்று குழம்பும்.

ஒரே எண்ணில் இரண்டு பெட்டி

ஐபி முகவரி மாறக்கூடியது. அதற்கும் கீழே ஒவ்வொரு அட்டைக்கும் மேக் முகவரி என்று ஆறு பைட் எண் ஒன்று உண்டு. அதில் முதல் மூன்று பைட் அட்டையைத் தயாரித்தவரைக் குறிக்கும். மெய்நிகர் அட்டைக்கும் ஓர் எண் வேண்டுமே? விர்ச்சுவல்பாக்ஸ் அட்டைகள் 08:00:27 என்று தொடங்கும். அந்த எண் கேட்மஸ் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் என்ற பழைய நிறுவனத்தின் பெயரில் பதிவானது. இல்லாத அட்டைக்கு இன்னொருவர் பெயரில் நம்பர் பிளேட்!

திருவொற்றியூர் மாணவி ஒரு லினக்ஸ் கணினியை நன்றாக அமைத்துவிட்டு, அதையே நகல் எடுத்து இரண்டாவதாக ஓட்டினாள். மேக் முகவரியும் அப்படியே நகலாகிவிட்டது. ஒன்று பேசினால் மற்றது அடங்கிப்போனது. ராத்திரி பதினோரு மணிக்கு லாரியை விட்டுவிட்டு வந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னும் இதையே நோண்டினு கீற?"

"ரெண்டு மிஷினுக்கும் ஒரே நம்பர் வந்துடுச்சுப்பா. அதான் மாத்தி மாத்தி அறுந்து போவுது."

"ரெண்டு பொட்டிக்கு ஒரே நம்பரா? அது எப்டி? கேட்லயே மடக்கிடுவானே!"

அவர் சொன்னது கன்டெய்னர் கணக்கு. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நாலு எழுத்து, ஏழு இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளரைக் காட்டும். நாலாவது எழுத்து வகை. அடுத்த ஆறு இலக்கம் வரிசை எண். கடைசி இலக்கம் மட்டும் முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் கணக்கு உதைக்கும், கணினி பிடித்துவிடும். ஜீரோ கேட் வரிசையில் மணிக்கணக்காக நின்றவர்களுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும். ஓர் இலக்கம் மாறினால் வண்டி ஓரங்கட்ட வேண்டியதுதான்.

மேக் முகவரியில் அப்படிச் சரிபார்க்கும் இலக்கம் எதுவும் இல்லை. கேட்டில் மடக்குவாரும் இல்லை. ஸ்விட்ச் என்ன செய்யும்? கடைசியாக இந்த எண் எந்தத் துளையிலிருந்து பேசியதோ அங்கேதான் இருக்கிறது என்று நம்பிக்கொள்ளும். அடுத்த நொடி மற்றது பேசினால் அங்கே தாவும். அதனால்தான் இரண்டும் மாறி மாறி அறுந்தது. தீர்வு சின்னதுதான். நகல் எடுக்கும்போதே எல்லா அட்டைகளுக்கும் புதிய மேக் முகவரி உருவாக்கச் சொல்லும் தேர்வு அங்கேயே இருக்கிறது. பழைய நம்பர், புது நம்பர் குழப்பம் அதோடு தீர்ந்தது.

நாலு குடித்தனம், ஒரே வைஃபை

இதுவரை சொன்னதெல்லாம் வசதி பற்றியது. மூன்றாம் ஆண்டில் அவள் கணினிப் பாதுகாப்புப் பாடத்தை எடுத்தபோது விஷயம் வேறாகிவிட்டது. அந்தப் பாடத்துக்கு மெட்டாஸ்ப்ளாய்டபிள் என்று ஒரு மெய்நிகர் கணினி உண்டு. வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட லினக்ஸ் அது. எளிய கடவுச்சொற்கள், பழைய மென்பொருள்கள், திறந்து கிடக்கும் கதவுகள். உடைத்துப் பழகுவதற்காகவே கொடுத்திருப்பது. கூடவே பழைய விண்டோஸ் 7 ஒன்றையும், எந்தத் திருத்தமும் போடாமல், சோதனைக்கு வைக்க வேண்டியிருந்தது.

தோழிகள் சொன்ன சுலப வழி பிரிட்ஜ். போட்டால் உடனே முகவரி வரும், உடனே வேலை ஆரம்பிக்கலாம். ஆனால் அவள் வீட்டு வைஃபை அவள் வீட்டுக்கு மட்டுமானது இல்லை. நாலு குடித்தனமும் பணம் போட்டு வாங்கிய ஒரே இணைப்பு. ஒரு வீட்டில் பள்ளிப் பிள்ளைகளின் கைப்பேசிகள். இன்னொரு வீட்டில் தையல் கணக்கு எழுதும் பழைய கணினி. மாடியில் இருக்கும் அண்ணன் தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை செய்கிறார். இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்துறையில் பில் ஆஃப் என்ட்ரி போடுவது அவர் வேலை. வேலை முடியாத நாளில் மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து முடிப்பார். காலையில் அதே மடிக்கணினி அலுவலக வலையமைப்பில் செருகப்படும்.

பிரிட்ஜ் போட்டால் அந்த ஓட்டைக் கணினி இவர்கள் எல்லோரோடும் ஒரே தெருவில் நிற்கும். எந்தக் கைப்பேசியிலாவது ஏற்கெனவே ஒரு தீய நிரல் ஒளிந்திருந்தால், அதற்குக் கால் ஊன்ற ஓர் இடம் கிடைத்துவிடும். அங்கிருந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது சுலபம். திருத்தம் போடாத விண்டோஸ் 7 என்றால் கேட்கவே வேண்டாம். 2017 மே 12 அன்று வானாக்ரை பரவியபோது பலியானவற்றில் மிகப் பெரும்பாலானவை திருத்தம் போடாத விண்டோஸ் 7 கணினிகள். திருத்தமோ அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது.

ஒரு தெருவில் எல்லோரும் ஒன்றாக நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் துறைமுகத் தொழிலே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2017 ஜூன் 27. உக்ரைனில் வரிக் கணக்குப் போடும் எம்.இ.டாக் என்ற மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நாட்பெட்யா என்ற நிரல் கிளம்பியது. உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கின் ஒரு கணினி அதில் சிக்க, அங்கிருந்து அந்த நிறுவனத்தின் உலக வலையமைப்பு முழுக்க ஓடியது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் துணை நிறுவனம் நடத்தும் கன்டெய்னர் முனையமும் முடங்கியது. கிரேன் இருந்தது, கப்பல் இருந்தது, பெட்டிகளும் இருந்தன. எந்தப் பெட்டி யாருடையது, எங்கே போக வேண்டும் என்ற கணக்குதான் கைக்கு வரவில்லை. சுமார் 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக நிறுவியதாக அந்த நிறுவனத்தின் தலைவர் பின்னர் சொன்னார். நஷ்டம் 30 கோடி டாலர் வரை.

அதில் நம்மூர்க்காரர்கள் ரசிக்கக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. பயனர் கணக்குகளை வைத்திருக்கும் முக்கிய வழங்கிகள் எல்லா ஊரிலும் அழிந்துபோக, கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம், அந்த நேரம் அங்கே மின்வெட்டு! கரண்ட் போனதால் வலையமைப்பிலிருந்து அறுந்து கிடந்தது, அதனால் பிழைத்தது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வலையமைப்பில் யாரும் போடாத சுவரை ஒரு மின்வெட்டு போட்டுக் கொடுத்தது.

வட சென்னைக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983-ல். எண்ணூர்த் துறைமுகம் 2001-ல். அதை அடுத்து காட்டுப்பள்ளி. இன்று பெட்டி நகர வேண்டுமென்றால் முதலில் கணினியில் எழுத்து நகர வேண்டும். அந்த எழுத்து நின்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி வரிசை நீளும். வரிசையில் நிற்பவர்களில் அவள் அப்பாவும் ஒருவர்.

எந்தக் கதவு யாருக்கு

அதனால் அவள் செய்த ஏற்பாடு இதுதான். ஓட்டைக் கணினிகள் இரண்டுக்கும் ஒரே ஓர் அட்டை, அதுவும் இன்டர்னல் முறையில். அவற்றைச் சோதிக்கும் லினக்ஸ் கணினிக்கு இரண்டு அட்டைகள். ஒன்று அதே இன்டர்னல், மற்றது நாட். புதிய கருவிகளை இறக்கும் நேரம் மட்டும் நாட் அட்டைக்கு உயிர். மற்ற நேரமெல்லாம் அமைப்பில் கேபிள் இணைப்பு என்று இருக்கும் குறியை எடுத்துவிடுவாள். மெய்நிகர் கேபிளைப் பிடுங்கி வைப்பது மாதிரி அது.

இரண்டு அட்டை உள்ள கணினி பாலமாகிவிடாதா என்ற சந்தேகம் வரலாம். லினக்ஸ் தானாக ஓர் அட்டையில் வந்ததை மறு அட்டைக்குத் தள்ளாது. அதற்கென்று ஓர் அமைப்பை யாராவது திறந்துவிட வேண்டும். அது அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். அதைவிட முக்கியமாக இன்னொன்றையும் அவள் அணைத்தாள். ஹோஸ்டும் கெஸ்ட்டும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஃபோல்டர். அட்டையை எவ்வளவு கண்டிப்பாக அமைத்தாலும், அந்தப் பகிர்வு திறந்திருந்தால் பின்பக்கம் ஜன்னல் திறந்து கிடக்கிறது என்றுதான் அர்த்தம்.

சுருக்கமாகச் சொன்னால் இப்படி:

இணையம் மட்டும் வேண்டுமா? நாட்.

மடிக்கணினியிலிருந்து கெஸ்ட்டுக்குள் போக வேண்டுமா? கூடவே ஹோஸ்ட் ஒன்லி.

கெஸ்ட்டுகள் மட்டும் தங்களுக்குள் பேச வேண்டுமா? இன்டர்னல்.

ஊரே பார்க்க வேண்டுமா? பிரிட்ஜ். அதற்கு முன், அந்தத் தெருவில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமைத்ததோடு விட்டுவிடாமல் சோதித்துப் பார்ப்பதும் உண்டு. அவள் மூன்று இடத்திலிருந்து பிங் அனுப்பினாள். சோதிக்கும் கணினியிலிருந்து ஓட்டைக் கணினிக்கு: பதில் வந்தது. மடிக்கணினியிலிருந்து: வரவில்லை. அம்மாவின் கைப்பேசியை வாங்கி, வீட்டு வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு செயலியால் தேடினாள். ரௌட்டர், கைப்பேசிகள், தையல்கார அக்காவின் கணினி, மாடி அண்ணனின் மடிக்கணினி, இவளுடையது. அவ்வளவுதான். 08:00:27 என்று தொடங்கும் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

பிறகு பாடத்தை ஆரம்பித்தாள். விடியும் வரை ஓட்டைக் கணினியை உடைத்தாள், மறுபடி எழுப்பினாள், மறுபடி உடைத்தாள். காலை எட்டரைக்கு மாடி அண்ணன் வழக்கம்போல மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு, பொது நடையில் அவள் வீட்டு வாசலைக் கடந்து, தம்பு செட்டித் தெருவுக்குக் கிளம்பிப் போனார்.